மஞ்சள் துணியில் இரண்டு முடிச்சு

ராமேஸ்வரத்திலிருந்து பாக்கியத்தின் அழைப்பு வந்ததுமே, இலங்கையின் மஸ்கெலியா தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் தெய்வானை கைபேசியைக் காதில் வைத்தாள். பாக்கியம், தோட்டத் தமிழர்களைத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போய் மீனவருக்கு வாக்கப்பட்ட தங்கை.

“அக்கா, எம் மகன் முனீஸு சொல்லச் சொல்லக் கேக்காம கடலுக்குப் போயிட்டான். எல்லை தாண்டி இலங்கைப் பக்கம் வந்தாத்தான் மீனு கெடைக்குதாம்.”

“ஐயையோ! இன்னொரு தடவ தாண்டுனா ஜெயிலுதான்னு சொல்லித்தானே போன தடவ கோர்ட்டுல விட்டாங்க?”

“அதான் ஈரக்கொல நடுங்குது. ஒங்க நேவிக்காரங்க கண்ணுல அவன் படக்கூடாதுன்னு மாரியாத்தாளுக்கு ஒரு காசு முடிஞ்சு வை அக்கா.”

“வைக்கிறேன். நீ அழாத.”

“ஒம் மகன் நிரோஷன் குடுத்துவச்சவன். கொழும்பு ஓட்டல்ல பயமில்லாத வேலை.”

“ம்” என்றாள் தெய்வானை. அழைப்பை முடித்தாள்.

மஞ்சள் துணியில் காசை முடிந்துகொண்டு மாரியம்மன் படத்தடிக்குப் போனாள். அங்கே ஏற்கெனவே ஒரு முடிச்சு இருந்தது. காலையில் காங்கேசன்துறை இலங்கை நேவி முகாமிலிருந்து நிரோஷன் பேசியதும் அவள் முடிந்து வைத்த காசு அது.

“அம்மா, இன்னைக்கு எனக்குப் படகுல டியூட்டி. எல்லை தாண்டி வாறவங்களப் புடிக்கணும். போன வாரம் கல்லால அடிச்சாங்க. நான் நேவியில இருக்கிறது சித்திக்குத் தெரிய வேணாம்.”

புது முடிச்சைப் பழைய முடிச்சின் பக்கத்தில் வைக்கப் போனவள், சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

ஒன்றைப் படத்தின் இந்த ஓரத்திலும், மற்றதை அந்த ஓரத்திலும் தள்ளித் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள்.