ஜூலி பேசறேன்

பத்து மணி இடைவேளை விட்டதும் எம்னா ஹெட்போனைக் கழட்டிப் போட்டுட்டு, சொந்த போனோட மாடிப்படிக்கு ஓடினா.

பத்துலேர்ந்து பத்தேகாலுக்குள்ள இன்டர்வியூவுக்கு போன் பண்ணுவோம்னு ஒரு பிரெஞ்சு கம்பெனி எழுதியிருந்தது. தண்ணியைச் சோதிக்கிற லேப். கெமிஸ்ட்ரி படிக்கும்போதே அவ ஆசைப்பட்ட வேலை. படிப்பு முடிச்சு மூணு வருஷம் தாண்டினவங்களை எடுக்க மாட்டாங்க. அவளுக்கு அது இந்த மாசத்தோட முடியுது.

இந்த கால் சென்டருக்கு மூணே மாசம்னு சொல்லிக்கிட்டுத்தான் வந்தா. டூனிஸ்ல உட்கார்ந்து, பிரான்ஸ்காரங்க வாஷிங் மெஷின் புகாரைக் கேட்டு எழுதற வேலை. அரபுப் பேரைக் கேட்டா போனை வெச்சுடுவாங்கன்னு முதல் நாளே ஆளுக்கொரு பிரெஞ்சுப் பேர் கொடுத்துட்டாங்க.

கூட வேலை பார்க்கிற வஜ்தி படியில நின்னு சிகரெட் பிடிச்சுக்கிட்டிருந்தான். "என்னம்மா, இன்னைக்காவது எங்களை விட்டுத் தொலைவியா? மூணு வருஷமா டாட்டா காட்டிக்கிட்டே இருக்கியே!"

"சும்மா இருடா. போன் வர்ற நேரம்."

போன் அடிச்சது. பாய்ஞ்சு எடுத்தா.

"வணக்கம், நான் ஜூலி பேசறேன். உங்களுக்கு என்ன உதவி வேணும்?"

தானா வந்துடுச்சு. ஒரு நாளைக்கு எண்பது தடவை சொல்ற வாய்.

"மன்னிக்கணும், நம்பர் மாறிடுச்சு போல." அந்தப் பக்கம் வெச்சுட்டாங்க.

திருப்பி அடிச்சா. பாட்டு ஓடுச்சு. ஓடிக்கிட்டே இருந்துச்சு. வஜ்தி சிகரெட்டை அணைச்சுட்டு நாலு விரலைக் காட்டினான். இடைவேளை முடிய இன்னும் நாலு நிமிஷம்.

கடைசியா ஒரு பொண்ணு எடுத்தா. "வணக்கம், நான் எலோடி பேசறேன்."

எம்னா எல்லாத்தையும் கொட்டினா. ஜூலி இல்ல, எம்னா. நம்பர் சரிதான். இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடச் சொல்லுங்க.

"உங்க பேரைத் திருப்பிச் சொல்லுங்க"ன்னு அந்தப் பொண்ணு கேட்டப்போ, பேர் எலோடியானாலும் குரல் டூனிஸ்னு தெரிஞ்சுபோச்சு. எம்னா பிரெஞ்சை விட்டுட்டு அரபியில கெஞ்சினா.

"அக்கா, நீ நம்ம பொண்ணுதானே? எப்படியாவது சொல்லிடு அக்கா."

இந்த மாதிரி வேலையில பேசறது எல்லாம் பதிவாகும். அரபியில ஒரு வார்த்தை வந்தாலும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

பதில் பிரெஞ்சுலயே வந்தது.

"உங்க தகவலை உரியவங்ககிட்ட உடனே சேர்த்துடறோம்."

எம்னா அப்படியே படியில உட்கார்ந்துட்டா.

என்ன பதில் சொல்லணும்னு எழுதின தாளை எம்னா மேஜையிலயும் ஒட்டியிருக்காங்க. அதுல கடைசி வரி, எலோடி இப்போ சொன்னதுதான். யார்கிட்டயும் சேர்க்க வழியில்லாதப்போ படிக்கிற வரி.

இன்னைக்குக் காலையிலேர்ந்து அவளே அதை ஏழு பேருக்குப் படிச்சிருந்தா.