கூடை முடைந்த முள்ளம்பன்றி

தொழில் பழக ஆள் சேர்த்துக்கொள்ளும் பட்டறைக்கு மாதம் ஒரு வாழைத்தார் தருவதாக யானை அறிவித்தது. உடனே கூடை முடையும் கரடி, ஒரு முள்ளம்பன்றியைச் சேர்த்துக்கொண்டது. தாரும் வந்தது. ஆனால் முள்ளம்பன்றி தண்ணீர்தான் சுமந்தது.

இரண்டாம் மாதம் அது கேட்டது: "முதலாளி, நாளைக்கு யானையார் வந்து ஒரு கூடை முடையச் சொன்னா நான் என்ன செய்யட்டும்?"

கரடிக்கு வேர்த்துவிட்டது. அன்றே மூங்கில் பிளக்கக் கற்றுக்கொடுத்தது. விரைவிலேயே முள்ளம்பன்றி பிடி வைத்த கூடைகளை முடைந்தது. சந்தையில் அவற்றுக்குத்தான் கிராக்கி.

ஆண்டு முடிந்ததும் யானை தார் தருவதை நிறுத்தியது. முள்ளம்பன்றி மூட்டையைக் கட்டியது.

"எங்கே கிளம்பிட்டே? இரும்மா," என்று கரடி பதறியது. "இனிமே மாசம் ஒரு தார் நானே உனக்குத் தர்றேன்."

"மாசம் ரெண்டு," என்றது முள்ளம்பன்றி, மூட்டையை இறக்காமலே.