கை பட்டதும்

ஜெபவீட்டின் நடுவே ஒரு சிறுமி வலிப்பில் துடித்துக்கொண்டிருந்தாள். விலங்கிட்ட கைகளோடு நின்ற கெத்சியாளிடம் நீதிபதி சொன்னார்:

“தொடு. உன் கை பட்டதும் இவளுக்கு வலிப்பு நின்னுட்டா, பிசாசை ஏவினது நீதான். தூக்குதான்.”

கெத்சியாள் கைகளை மார்போடு இறுக்கிக்கொண்டாள். தொட்டால் நிச்சயம் நின்றுவிடும். ஏழு வருடத்தில் ஒருமுறைகூட நிற்காமல் போனதில்லை.

“ஐயா, என்னால முடியாது.”

“பாத்தீங்களா!” பக்கத்து வீட்டு பிரிசில்லாள் எழுந்து கத்தினாள். “தொட்டா குட்டு வெளிப்பட்டுடும்னு தெரியுது இவளுக்கு! சூனியக்காரி!”

“நாங்க காத்திருக்கோம்” என்றார் நீதிபதி. “அதுவரைக்கும் அவ துடிக்கட்டும்.”

சிறுமியின் தலை பலகைத் தரையில் மோதிக்கொண்டே இருந்தது. உதடுகள் நீலமாகின.

அதற்குமேல் கெத்சியாளால் பொறுக்க முடியவில்லை. விலங்கு குலுங்க மண்டியிட்டு, சிறுமியின் பிடரியில் கை வைத்து மெல்லத் தடவினாள்.

துடிப்பு அடங்கியது. ஜெபவீடே “ஆண்டவரே!” என்று அலறியது.

“நிரூபணமாயிடுச்சு” என்றார் நீதிபதி. “திங்கக்கிழமை தூக்கு.”

சிறுமி கண் விழித்து, விலங்கிட்ட அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, பசிக்குது. வீட்டுக்குப் போலாமா?”