ஒற்றை ஊசி

வேட்டிக் கரையில் குத்தியிருந்த ஊசி மூன்றாகப் பிரியவில்லை.

அவள் அதைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். துவைகல்லுக்குப் பக்கத்தில், வாளியில் நுரை அடங்கிக்கொண்டிருந்தது.

ஊரில் எல்லாவற்றையும் ஊசிப்புல் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். துணியில் ஒட்டினாலும் ஊசிப்புல், காலில் குத்தினாலும் ஊசிப்புல். ஆடு வளர்க்கிறவள் அப்படிப் போக முடியாது. ஆட்டின் கண்ணிலும் ஈறிலும் ஏறிய விதைகளை விரலால் எடுத்து எடுத்துப் பழகியவள் அவள்.

பள்ளிக்கூட மைதானத்துப் புல்லுக்கு விதைக்கு மூன்று மீசை. வெளுத்து, மெல்லிசாக இருக்கும்.

இன்னொன்று அதற்குப் பங்காளி. ஒற்றை மீசைதான். கறுத்து, நடுவில் மடங்கி, அடியில் பழுப்பு முடியோடு இருக்கும். பாறை இருக்கும் இடத்தில்தான் வரும்.

இந்த ஊரில் பாறை இருப்பது கல்குவாரியில் மட்டும்.



புருஷன் சின்னையா காலையில் மைதானத்துக்குத்தான் போகிறான். சர்க்கரைக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். ஆறு சுற்று நடந்துவிட்டு வந்து, அங்கே காற்று நன்றாக இருக்கிறது என்பான். தினமும் அதையே சொல்வான்.

ஆடியில் அந்தக் குவாரித் தண்ணீரில் குளிக்க இறங்கிய நாலு பிள்ளைகளில் மூன்று கரையேறின. இவர்கள் பாப்பா ஏறவில்லை.

கருமாதியன்று அவளுடைய அண்ணன், இவர்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். இனி அந்தப் பக்கம் மிதிக்க மாட்டோம் என்று சத்தியம் வாங்கினார். சின்னையா சத்தியம் செய்தபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை. அது அவளுக்கு அன்றைக்கே சரியாகப் படவில்லை.

இரண்டு மீசை ஒடிந்திருக்கலாம்.

ஒடியும். நடந்தால் ஒடியும், உட்கார்ந்தால் ஒடியும். கறுப்பு, டீசல் கறையாக இருக்கலாம். மனசு எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்ள அவள் தயாராக இருந்தாள்.

சந்தேகமென்றால் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும். மூன்று மீசை சும்மா மிதக்கும். ஒற்றை மீசை நனைந்ததும் முறுக்கு அவிழ்ந்து சுற்றும். அப்படிச் சுற்றித்தான் அது மண்ணுக்குள் இறங்குகிறது. ஆட்டுத்தோலுக்குள்ளும் அப்படித்தான்.

குவளையில் தண்ணீர் மொண்டு ஊசியைப் போட்டாள்.

சுற்றாதே.

அசையவில்லை.

அவள் மூச்சு விட்டாள்.

அப்புறம் சுற்றியது. மெதுவாக அரைச் சுற்று. நின்று, இன்னொரு அரை.

குவாரிப் பள்ளத்தைச் சுற்றிப் போட்ட முள்கம்பி ஓரிடத்தில் தொய்ந்திருக்கிறது. ஓர் ஆள் குனிந்து நுழையலாம். நுழைந்தால் இடுப்புயரத்துக்கு இந்தப் புல்தான். போன மாதம் வரை பச்சையாக இருந்தது, பொங்கலுக்கு அப்புறம்தான் கறுத்தது. அதைத் தாண்டினால் விளிம்புக்கு நாலே எட்டு.

சின்னையாவுக்கு நீச்சல் தெரியாது.

அவனும் போய்விட்டால் தனக்கு என்ன மிச்சம் என்று நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அவளுக்குப் பயம் தலைக்கேறியது.

ஈரக்கையோடு வீட்டுக்குள் ஓடினாள். ஆணியில் அவன் சட்டை தொங்கியது. அதன் பையில் என்னத்தைத் தேடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கடுதாசி எழுதிவைத்துவிட்டுப் போகிற ஆளில்லை அவன். லைசென்ஸ் விண்ணப்பத்தைக்கூட அவள்தான் நிரப்பிக் கொடுத்தாள்.

ஒரு தீப்பெட்டி இருந்தது.

அவன் பீடியை விட்டு நாலு வருடம் ஆகிறது.

திறந்தாள். உள்ளே குச்சி இல்லை. விதைகள். அத்தனையும் ஒற்றை மீசை, அத்தனையும் கறுப்பு.

சின்னையாவுக்குப் புல்லைப் பற்றி என்ன தெரியும்? மினிபஸ் ஓட்டுகிறவன். டயரைத் தடவிப் பார்த்து இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வான். புல்லைக் காட்டினால் பச்சை என்பான், அவ்வளவுதான். அவன் எதற்கு இதைப் பொறுக்கிச் சேர்த்து வைத்திருக்கிறான்?

ஒரு விதையில் நூல் சிக்கியிருந்தது. கிளிப்பச்சை நூல்.

இன்னொன்றிலும்.

அவள் குனிந்து தன் சேலையைப் பார்த்தாள்.

ஆட்டுக்குப் புல்லறுக்கப் போகும்போது இதைத்தான் கட்டுவாள். கண்மாய்க்கரைக்குப் போவதாகத்தான் அவனிடம் சொல்லியிருந்தாள். விளிம்பில் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறோம், அதில் என்ன என்றுதான் தனக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு வாரமாகத் துவைக்கப் போடும்போது சேலையில் ஒரு விதைகூட இல்லாமல் இருந்தது. அதை அவள் கவனிக்கவே இல்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சின்னையா உள்ளே வந்து நின்றான். அவள் கையில் இருந்த தீப்பெட்டியைப் பார்த்தான்.

"கிரவுண்டுல ஒரு இடம் விடாம தேடிட்டேன் மீனா. கம்மாயிலயும் தேடிட்டேன்" என்றான். "இந்தப் புல்லு அங்க எங்கயும் இல்ல. நேத்துதான் அந்தப் பக்கம் போனேன்."

அவள் சேலையின் கீழ்க்கரையை இழுத்துப் பாதத்துக்கடியில் செருகிக்கொண்டாள்.

அவன் விடவில்லை. அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, கரையை வெளியே எடுத்து, இன்று காலையில் ஒட்டியவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தான்.