மூன்றாவது சீட்டு

வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அந்த இரைச்சல் டோருனின் காதில் விழுந்தது. பக்கத்து வீட்டுத் தபால் பெட்டியில் மூன்றாவது சீட்டையும் போட்டுவிட்டாள்.

'உங்கள் ஹீட் பம்ப் சத்தம் தாங்க முடியவில்லை. எங்கள் வீட்டைச் சூடாக்கவும்தான் ஒன்று ஓடுகிறது, சத்தமா போடுகிறது?'

பக்கத்து வீட்டு ஆர்ன்ஃபின்னிடமிருந்து பதிலே இல்லை. இரைச்சலும் நிற்கவில்லை.

"நேர்ல போய்க் கேளேன்" என்றான் கணவன் கௌட்டே.

"இங்க வந்து பதினோரு வருஷத்துல யார் வீட்டுக் கதவையாவது தட்டியிருக்கோமா?"

ஆனாலும் பொறுக்க முடியாமல், மைனஸ் பதினெட்டுக் குளிரில் பனியை மிதித்துக்கொண்டு போய்த் தட்டினாள்.

ஆர்ன்ஃபின் கோட்டும் தொப்பியும் கையுறையுமாகக் கதவைத் திறந்தார்.

"வெளியே கிளம்பிட்டீங்களா?"

"இல்லைங்க, வீட்டுலதான் இருக்கேன்." வீட்டுக்குள் நின்று பேசியும் குளிரில் அவர் வாயிலிருந்து புகை வந்தது. "உங்க முதல் சீட்டு வந்த அன்னிக்கே பம்பை நிறுத்திட்டேன். மூணு வாரமாச்சு."

டோருன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். இரைச்சல் இப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"அப்போ இந்தச் சத்தம்?"

அவர் தயங்கித் தயங்கி அவள் வீட்டுச் சுவரைக் காட்டினார். "அது உங்களுது. ஆறு வருஷமா கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..."

"சீட்டு எழுதி வெச்சிருக்கேங்க" என்றார் ஆர்ன்ஃபின். "உங்க பெட்டியில போடத்தான் மனசு வரலை."