வெள்ளோட்டம்

"எல்லாத்தையும் இடது பக்கமே வெச்சுடு" என்றார் கஜபதி.

ஆனந்தன் நிமிர்ந்து பார்த்தான். அவனுடைய டி.வி. ரிப்பேர் கடை வாசலில், பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது அந்தப் படகு. ஒரே ஆள் உட்காரும் ஃபைபர் படகு. துடுப்பு கிடையாது, சைக்கிள் மாதிரி மிதித்தால் ஓடும். மூடிப்போன ஏதோ ரிசார்ட்டிலிருந்து பழைய சாமானோடு சாமானாக வாங்கி வந்திருந்தார். மலைக்குக் காவடி எடுத்து வந்தவர்கள்கூட நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

"தூண்டில் சொருகற பைப்பு, லைட் சுவிட்சு, மீன் காட்டற மெஷினு, எல்லாமே இடது பக்கமா? இன்னா நைனா, வாஸ்துவா?"

"ஆங், வாஸ்துன்னே வெச்சுக்கோ."

ஊரே அவரை நைனா என்றுதான் கூப்பிடும். ஏரி மீன் குத்தகை அவருடையது. மெஷின், சிங்கப்பூர் மாப்பிள்ளை அனுப்பியது. எவ்வளவு ஆழம், மீன் எங்கே திரிகிறது என்று சின்னத் திரையில் காட்டுமாம். பேட்டரி, வயர் எல்லாம் ஆனந்தன் பொறுப்பு.

"வலை போட்டாலே மீன் வருது. இந்த ஏற்பாடெல்லாம் எதுக்கு நைனா?"

"ஏரியில திருட்டு நடக்குதுப்பா. விடியக்காலையில ஒருத்தன் வந்து தூண்டில் போட்டுகினு கீறான். ஆள் யாருன்னு எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஏரிக்கு வரச் சொல்லிருக்கேன். அன்னிக்குதான் வெள்ளோட்டம்."

ஆனந்தன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் நழுவிக் கீழே விழுந்தது.

ஆள் யாரென்று அவனுக்கும் தெரியும். அக்கா தமயந்தியின் புருஷன், அவனுடைய பாவா, ராஜவேலு. ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் ஓட்டியவர். தறியில் அடிபட்டு வேலை போனதிலிருந்து, அந்த வீட்டில் அடுப்பு எரிவதே அந்தத் தூண்டிலால்தான்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். குரலே சரியில்லை.

"நைனா வூட்டுக்கு வந்தாருடா. பாவாவைத் தனியாக் கூட்டிகினு போய்ப் பேசினாரு. அவரு போனப்புறம் பாவா வாயே தெறக்கல. அழுதுகினே இருக்காரு. எனக்கு பயமா கீதுடா."

"நான் பாத்துக்கறேன்க்கா" என்று சொல்லிவிட்டான். எப்படிப் பார்த்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. போலீஸ், லாக்கப், அக்காவின் இரண்டு குழந்தைகள் என்று மனசு கண்டபடி ஓடியது. இத்தனை நாள் நைனா, நைனா என்று வாய் நிறையக் கூப்பிட்ட மனுஷன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ரெண்டு மீனுக்காக ஒரு குடும்பத்தையே நடுத்தெருவில் நிறுத்துவாரா?

வெள்ளிக்கிழமை காலை. படகை ஏற்றிப் போக வேன் வந்துகொண்டிருந்தது. கடையில் வேறு யாரும் இல்லை.

படகின் வால் பக்கம், உள்ளே சேரும் தண்ணீரை வடிக்க ஒரு துளை உண்டு. அதற்கு ஒரு திருகு மூடி, மூடிக்குள் ரப்பர் வாஷர். ஆனந்தன் வாஷரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மூடியைச் சும்மா பேருக்குத் திருகி வைத்தான்.

நடு ஏரிக்குப் போனதும் படகு முழுகும். நைனா நன்றாக நீந்துவார், உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஊர் சிரிக்கும். மெஷின் நாசமாகும். நல்லா ஆகட்டும்!

வேன் போய்விட்டது. ஆனால் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு அவனும் ஏரிக்குப் போனான்.

கரை நிறையக் கூட்டம். நடு ஏரியில் படகு. கூட்டத்துக்கு முன்னால் நின்று கை தட்டிக்கொண்டிருந்தார் கஜபதி.

ஆனந்தனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவர் இங்கே நின்றால், படகில் யார்?

"வா வா! உன் பாவா எப்படி ஓட்டறான் பாரு!"

"பா... பாவாவா?"

"தறிதான் வலது கையைத் தின்னுடுச்சே. ஒத்தைக் கையில துடுப்பு எப்படிப் போடுவான்? காலு கெட்டியாத்தானே கீது! அதான் மிதி படகு, அதான் எல்லாமே இடது பக்கம். இனிமே இந்த ஏரியில மீன் புடிக்கற ஆளே அவன்தான். உங்க வூட்டு ஆளுங்க மானஸ்தங்க, முன்னாடியே சொன்னா வேணாம்பீங்க. அதான் வெள்ளோட்டம் வரைக்கும் மூச்சு விடாதடான்னு சொல்லி வெச்சேன். கேட்டதும் பாவம், அழுதுட்டான்."

பாவாவுக்கு வலது கை இல்லை என்பது ஆனந்தனுக்குத் தெரியாததா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

தூரத்தில் ராஜவேலு இடது கையைத் தூக்கி ஆட்டினார். படகின் வால் தண்ணீருக்குள் அமிழ்ந்துகொண்டிருந்தது.

"பாவா! கரைக்கு வா பாவா!"

கத்திக்கொண்டே போட்டிருந்த துணியோடு குதித்தான். அவன் கிட்டே போவதற்குள் படகு கவிழ்ந்தது. ராஜவேலு ஒற்றைக் கையால் தண்ணீரை அடித்தார், முழுகினார், மேலே வந்தார், மறுபடி முழுகினார். ஆனந்தன் அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்தான்.

கரைக்குக் கொண்டுவந்து போட்டபோது ராஜவேலுவுக்கு மூச்சு இருந்தது. இருமி இருமித் தண்ணீரைக் கக்கினார். கண் திறந்ததும் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி மாதிரி வந்தான்யா!" என்றது கூட்டம்.

ஆனந்தனின் ஈரச் சட்டைப் பைக்குள் அந்த வாஷர் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

கஜபதி தள்ளாடி வந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டினார்.

"பழைய படகுன்னு தெரிஞ்சும் வாங்கியாந்துட்டேனே. உங்க அக்கா தாலியை நானே அறுத்திருப்பேன். என்னை மன்னிச்சுடுடா ஆனந்தா" என்று அவனைக் கையெடுத்துக் கும்பிட்டார்.