மூன்றாவது கெடு

"ஒரு மாசம்தானே கேக்கிறம், கண்மணி, ஒரே ஒரு—"

"ஒரு நாள்கூட கிடையாது. போன தடவையும் ஒரு மாசம்னுதான் சொன்னீங்க, அதுக்கு முந்தியும்—"

"அது சர்க்கார் கேட்டது! இது நாங்கள்—"

"அதத்தான் கேக்குறேன். தப்புப் பண்ணினவன் தள்ளிப்போடப் பாப்பான், சரி. நாம ஏன்யா கேக்கணும்? நீங்க எந்தப் பக்கத்துக் கிராணி?"

வக்கீலின் குமாஸ்தா தியாகராசா மைப்பெட்டியின் மூடியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்து அவள் பக்கமாக நகர்த்தினார்.

கண்மணி கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

சூலியா தெருக் கடைவீட்டு மாடியில் வக்கீல் ஆபீஸ். சுவரில் ஐம்பத்தெட்டாம் வருஷத்து நாள்காட்டி. வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்தார்.

கண்மணி சர்க்கார் மேல் போட்ட வழக்கு. விசாரணைக்கு முன்னால் இரண்டு தரப்பும் தங்கள் தாள்களைக் கோர்ட்டில் தாக்கல் செய்து கட்டிவிட வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை கெடு. சர்க்கார் இரண்டு முறை கெடுவை நீட்டி வாங்கிவிட்டது. மூன்றாவதாகக் கேட்கப்போவது கண்மணியின் தரப்பு. அவள் ரேகை வைத்தால் கேட்போம், இல்லையென்றால் வெள்ளிக்கிழமையே கட்டிவிடுவோம் என்று சொல்லிவிட்டுத்தான் வக்கீல் படியிறங்கினார்.

"சாட்சி சொல்ல வேண்டிய வேலாயுதம் ஊருக்குப் போயிட்டான். கப்பல் வந்து சேர—"

"எந்த ஊருக்கு? நேத்து சாயந்தரம் தேக்கா மார்க்கெட்டுல என் எதிருக்க நின்னு கத்தரிக்கா பேரம் பேசினானே, அந்த ஊருக்கா?"

வேறு நாளாக இருந்தால் தியாகராசாவே சிரித்திருப்பார்.

"அங்க போய்ப் பாத்தீங்களா கிராணியாரே? எம் மவன் மேல மண்ணு சரிஞ்ச அதே கால்வாயில இன்னிக்கும் ஆளுங்க எறங்குறாங்க. ரெண்டாளு ஆழம். ஓரத்துக்கு முட்டுக் குடுக்க ஒரு பலகை கிடையாது. நீங்க மாசம் மாசமாத் தள்ளுங்க. இன்னொருத்தி புள்ளையும் போவட்டும்."

அவர் பார்வை வழக்குத் தாள்கட்டுக்குப் போனது. கட்டின் மேலாக அவள் மகனின் வாக்குமூலம் எழுதிய ஒற்றைத் தாள் கிடந்தது.

முத்துசாமி. வயது பத்தொன்பது. ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் உயிரோடு இருந்தான். அவன் சொன்னதை அதிகாரி ஒருவர் இங்கிலீஷில் எழுதிக்கொண்டார். பலகை கேட்டோம், தரவில்லை. மழை பெய்தது, ஆனாலும் இறங்கச் சொன்னார்கள். இப்படி எட்டு வரி. ஒன்பதாவது வரி, அதிகாரி எழுதியது: அதன்பின் பேசவில்லை.

அந்தத் தாளின் நகல் வந்த அன்று தியாகராசாதான் அவளுக்குத் தமிழில் படித்துச் சொன்னார். முடிந்தபின் அவள் தாளை எட்டிப் பார்த்தாள்.

"அவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்லலையா?"

தாளிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் வாய் வந்திருக்காது. அடியில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தபடி பத்தாவது வரியைப் படித்தார்.

"கடைசியாய், 'அம்மா, அம்மா' எண்டு ரெண்டு தரம் கூப்பிட்டவராம்."

அவள் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கெடு நீளும்போதும் வந்தாள். மசாலா அரைத்த மஞ்சள் விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "ஒரு தடவ படிங்க" என்பாள். அவரும் படிப்பார், பத்து வரியும். கடைசி வரிக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்வாள்.

விசாரணை தொடங்கினால் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் எழுந்து அதை அவளுக்கு உரக்கப் படிப்பார். நேர்மையான மனிதர். ஒன்பது வரியோடு நிறுத்திவிடுவார்.

ஒரு மாதம் கிடைத்தால் என்ன செய்துவிட முடியும் என்று தியாகராசாவுக்கே தெரியவில்லை. அவளுக்கு அந்த வரி இன்னும் ஒரு மாதம் இருக்கும். அவ்வளவுதான்.

"கண்மணி, நான் சொல்லுறதைக் கேளுங்கோ." அவர் குரல் இறங்கிவிட்டது. "இங்கை நான் படிக்கிறது மாதிரி அங்கை இராது. கோர்ட்டிலை படிக்கேக்கை... எல்லாம் வராது."

"பலகை கேட்டது வருமில்ல?"

"அது வரும்."

"மழையில எறக்கினது?"

"அதுவும் வரும்."

"போதும்லா. அதுதானே அவன் சொன்னது. வெள்ளிக்கிழமையே கட்டுங்க."

மடக்கியிருந்த கையைப் பிரித்து, மஞ்சள் படிந்த கட்டைவிரலால் மைப்பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள்.

எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தார். அவள் நாற்காலியை மேசைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். கட்டின் மேலிருந்த தாளை எடுத்து, தலைகீழாக இருந்ததை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்:

"என் தம்பிங்க மூணு பேரும் என்னையக் கூப்பிடறதக் கேட்டு வளந்த புள்ள, கிராணியாரே. முள்ளு குத்தினாலும் பெத்தவள அக்கா, அக்கான்னுதான் கத்துவான். என்னைய அம்மான்னு கூப்பிட்ட வாயே கிடையாது... கட்டுறதுக்கு முன்னாடி, கடைசி வரி வரைக்கும் இன்னொரு தடவ படிங்க."